மணமில்லாத புரட்டாதி

செப்டெம்பர் 16, திங்கள்

டொக்டர் எழுதச் சொன்னார், எழுதுகிறேன். கடைக் கணக்கைத் தவிர வேறு எதையும் நான் எழுதிப் பழகவில்லை.

ஓகஸ்ட் கடைசியில் ஒரு காய்ச்சல் வந்தது. சில நாட்களில் போய்விட்டது, போகும்போது மூக்கையும் கொண்டுபோய்விட்டது. மூக்கு இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது, மணம்தான் இல்லை. நாக்கு உப்பைச் சொல்கிறது, புளியைச் சொல்கிறது, உறைப்பைச் சொல்கிறது. அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. ஆட்டிறைச்சிக் கறியும் அட்டைப்பெட்டியும் எனக்கு இப்போது ஒரே விலை.

சிலருக்குக் கிழமைக் கணக்கில் திரும்பி வருமாம், சிலருக்கு மாதக் கணக்கு, சிலருக்கு வராமலே போகலாமாம். டொக்டர் இதை ஏதோ பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார். எலுமிச்சை, கராம்பு, றோசா, யூகலிப்டஸ் தைலம் நாலையும் காலையும் மாலையும் மணந்து பார்த்து, என்ன தெரிகிறது என்று குறித்து வைக்க வேண்டுமாம். அதற்குத்தான் இந்தக் கொப்பி.

மனைவி சறோவிடம் சொல்லவில்லை. கடையிலும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது? புங்குடுதீவில் இருந்து வந்து இந்த ஊரில் கோப்பை கழுவத் தொடங்கியவன் நான். இன்றைக்கு ஸ்காபரோவில் பலசரக்கும் சாப்பாடுமாக ஒரு கடை வைத்திருக்கிறேன் என்றால், அது படிப்பால் வந்ததில்லை, மூக்கால் வந்தது. மிளகாய்த்தூளுக்கு வறுக்கும்போது எப்போது இறக்குவது, வந்த மீனை எடுப்பதா திருப்புவதா, காய்ந்த பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மா புதிதா பழசா, எல்லாவற்றையும் மணந்து பார்த்துச் சொல்கிறவன் நான். என் சமையல்காரன் யூட் பாசையூர்க்காரன், கெட்டிக்காரன். அவன்கூட என் முகத்தைப் பார்த்துத்தான் சட்டியை இறக்குவான்.

போதாக்குறைக்கு இந்த வருடம் நித்தி வருகிறார். மொன்றியலில் இருந்து வன்கூவர் வரை தமிழ்க் கடைகளுக்குச் சாமான் போடுகிறவர். குளிர் காலத்துக்கு என்று நான் ஒரு கூழ்ப் பக்கெற் தயாரித்திருக்கிறேன்: ஒடியல் மா, காய்ந்த இறால், பலாக்கொட்டை, அரைத்த செத்தல் மிளகாய் எல்லாம் அளவாக. வீட்டில் தண்ணீரும் மீனும் போட்டால் கூழ். கூடவே பாபிகியூவில் வாட்டும் மீனுக்குப் பூச ஒரு மசாலா. ஒக்டோபரில் வரும் தாங்ஸ்கிவிங் ஞாயிற்றுக்கிழமை எங்கள் பின்வளவில் வருடா வருடம் காய்ச்சும் கூழைக் குடித்துப் பார்த்துவிட்டு, எடுப்பதா இல்லையா என்று சொல்வதாக நித்தி சொல்லியிருக்கிறார்.

மூக்கில்லாதவன் கலந்த மாவை எவன் வாங்குவான்? அதுவரைக்கும் வாயைத் திறக்கப் போவதில்லை.

செப்டெம்பர் 17, செவ்வாய்

எலுமிச்சை இல்லை. கராம்பு இல்லை. றோசா இல்லை. தைலம்: கண் எரிந்தது, மணம் இல்லை.

செப்டெம்பர் 20, வெள்ளி

இன்று தூளுக்கு வறுத்தோம். மல்லி, சீரகம், பெருஞ்சீரகம் எல்லாம் போய் மிளகாய் விழுந்ததும் யூட் வழக்கம்போல என்னைப் பார்த்தான். எனக்கு நிறம் மட்டும் தெரிகிறது. நிறத்தை நம்பி இறக்கினால் ஒரு நாள் பச்சையாக இருக்கும், ஒரு நாள் கருகியிருக்கும்.

நல்லவேளை, வாய் இருக்கிறது. “எத்தினை வருசமாய் என்னோடை நிக்கிறாய், இண்டைக்கு நீ சொல்லு பாப்பம்” என்றேன், சோதனை வைப்பதுபோல. அவன் குனிந்து ஆவியை இழுத்தான். இன்னும் ஒருக்காப் பிரட்டுவோம் என்றான். பிரட்டினான். இறக்கினான். நான் தலையை ஆட்டினேன். பெடியனுக்குச் சந்தோசம்.

இப்படியே ஓட்டலாம் போலிருக்கிறது. ஆள் வைத்து வேலை வாங்குவதுதானே வியாபாரம்.

செப்டெம்பர் 22, ஞாயிறு

சறோவுக்கு என்ன நடந்தது என்று தெரியவில்லை. பள்ளிக்கூட பஸ் ஓட்டி இந்த யூன் மாதம் ஓய்வு எடுத்ததில் இருந்து கத்துவதற்குப் பிள்ளைகள் இல்லை, அதனால் என்னைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கிழமையாக வீட்டில் ஒரு றேடியோ ஓடுகிறது. பால் போத்தலைத் திறக்கும்போதே “புளிச்சுப்போச்சு, குடியாதையுங்கோ” என்கிறாள். யன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டில் விறகு எரிக்கிறார்களாம், நல்ல மணமாம். நான் சேர்ட் போட்டால், அது நேற்றுப் போட்டது, வேர்வை மணக்கிறது, வேறு போடுங்கோ என்கிறாள். கறிக்குள் கறுவா போட்டேன், ரம்பை இலை போட்டேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறாள்.

முன்பெல்லாம் கோப்பையை வைத்துவிட்டுப் போய்விடுவாள். வயது போனால் பேச்சுக் கூடும் என்பார்கள், உண்மைதான்.

நாலும் மணந்தேன். ஒன்றும் இல்லை.

செப்டெம்பர் 27, வெள்ளி

ஒடியல் மா வந்தது. கடையில் வாடிக்கையாளர் நாலு பேர் நின்றார்கள், யூட் நின்றான், லொறிக்காரன் நின்றான். எல்லோரும் பார்க்க மூட்டையின் வாயைப் பிரித்தேன். ஒரு பிடி அள்ளினேன், கண்ணை மூடினேன், மூச்சை நீளமாக இழுத்தேன். “நல்ல சாமான். இறக்கு” என்றேன். நாடகத்தில் நடித்திருந்தால் இந்நேரம் பெரிய ஆள்.

சறோ அந்த நேரம் பார்த்துக் கடைக்கு வந்தாள். கறிவேப்பிலை வாங்க வந்தாளாம். மூட்டைக்குப் பக்கத்தில் நின்று தும்மினாள், பிறகு மூட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொந்தக் கடையில் கறிவேப்பிலை வாங்க பஸ் ஏறி வருகிற ஆள் இவள் ஒருத்திதான்.

மூட்டையை வீட்டு பேஸ்மென்றில் கொண்டுபோய் வைத்தாயிற்று. கூழுக்கும் பக்கெற்றுக்கும் அதுதான்.

ஒக்டோபர் 1, செவ்வாய்

கராம்பு தெரிந்தது போலிருந்தது. திரும்ப மணந்தால் இல்லை. ஆசைதான்.

ஒக்டோபர் 6, ஞாயிறு

நவராத்திரி. வீட்டில் மரக்கறிதான். கடையில் மீன், இறைச்சி என்று மச்சம் ஓடுகிறது, ஆனால் பாதி. குளிர் இறங்கியதும் சனம் சூடானதைத் தேடுகிறது. மிளகு ரசம், பூசணி சூப், அவித்த மரவள்ளியும் கட்டைச் சம்பலும், இவை பானையில் நிற்கவில்லை. பூசணி சூப் வெள்ளைக்காரரும் வாங்குகிறார்கள். இஞ்சியைக் கொஞ்சம் கூடத் தட்டிப் போடச் சொன்னேன். உறைப்பு எனக்குத் தெரிகிறதே.

பின்னேரம் ஒரு கண்டம் தப்பியது. படையலுக்குக் கடலை அவித்தால் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. ஆவியை மணந்துதான் பதம் சரியோ என்று சொல்வது, அது எப்போதும் என் வேலை. என்ன பொய் சொல்வது என்று யோசித்துக்கொண்டே குசினிக்குள் போனேன். ஆனால் சறோ, தான் பார்த்தாயிற்று, நீங்கள் போய்க் குளியுங்கோ என்று என்னைத் திருப்பி அனுப்பிவிட்டாள். சரஸ்வதி என் பக்கம்தான்.

ஒக்டோபர் 8, செவ்வாய்

நித்தி போன் எடுத்தார். ஞாயிறு மத்தியானம் வருகிறாராம். “உங்கட கையையும் மூக்கையும் நம்பித்தான் லிங்கம், நான் வேற ஒரு கூழையும் பாக்கேல்லை” என்றார். நானும் சிரித்து, வாங்கோ, வெறும் வயிற்றோடு வாங்கோ என்றேன்.

இரவு சாப்பாடு இறங்கவில்லை. வாய்வு.

ஒக்டோபர் 11, வெள்ளி

இரண்டு விசயம்.

ஒன்று, சறோ காஸ் கசிந்தால் கத்துகிற பெட்டி ஒன்று வாங்கிக் குசினிச் சுவரில் பூட்டியிருக்கிறாள். இந்த வீட்டில் இருக்க வந்த நாளில் இருந்து காஸ் கசிந்ததில்லை. ஏன் வீண் செலவு என்று கேட்டேன். தனக்குப் பயமாக இருக்கிறதாம். பனிக்குள் ஐம்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பஸ் ஓட்டியவளுக்கு இப்போது அடுப்புக்குப் பயம்.

மற்றது, காலையில் நான் பார்த்து எடுத்த விளைமீன் பெட்டியை யூட் திருப்பி அனுப்பியிருக்கிறான். கேட்டால், “நீங்கள்தானே அண்ணை, சரியில்லை எண்டனீங்கள்” என்கிறான். நான் அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லை. கண் நன்றாக இருந்தது, செவுள் சிவப்பாக இருந்தது, எடுக்கச் சொன்னதாகத்தான் நினைவு. மூக்குக்குப் பிறகு மூளையும் போகிறதோ?

ஒக்டோபர் 13, ஞாயிறு

இன்று கூழ். நாளைக்கு எழுதுகிறேன்.

ஒக்டோபர் 14, திங்கள்

கடை பூட்டு. சறோ நித்திரை. ஆறுதலாக எழுதுகிறேன்.

நேற்றுக் காலை மா ஊறப்போடப் பேஸ்மென்றுக்கு இறங்கினேன். ஒடியல் மாவை ஊறவிட்டு, மேல்தண்ணீரை இரண்டு மூன்று தரம் வார்த்தால்தான் கயர்ப்புப் போகும், அதனால் வெள்ளெனவே வேலையைத் தொடங்க வேண்டும். மூட்டையைப் பார்த்தேன். நான் வைத்த மூட்டை வெள்ளை நூலால் தைத்தது. இது நீலம். அளவும் சின்னன்.

“என்ர மாவை ஆர் மாத்தினது?” என்று சத்தம் போட்டேன்.

சறோ கையில் முருங்கையிலைக் காம்போடு இறங்கி வந்தாள். “நான்தான். அது பூஞ்சணம் பிடிச்ச மா” என்றாள். மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி என் மூக்குக்குக் கிட்ட நீட்டினாள். “மணந்து பாருங்கோ.”

நான் இழுத்தேன். தூசு ஏறியதைத் தவிர ஒன்றும் இல்லை. ஆனால் அவள் நின்ற நிலையைப் பார்த்தால் சண்டைக்கு வந்தவள்போல் இல்லை. இப்படியான நேரத்தில் எதிராளி சொல்வதை ஒத்துக்கொண்டு நகர்வதுதான் புத்தி. “ஓம், பூஞ்சணம்தான். எப்பிடி எனக்குத் தப்பினது?” என்றேன்.

அவள் கையை எடுக்கவில்லை. “இது நல்ல மா. என்ர தங்கச்சி மொன்றியலிலை இருந்து அனுப்பினது. பூஞ்சண மா அடுத்த நாளே குப்பைக்குப் போயிட்டுது.”

இத்தனை வருட வியாபாரத்தில் என்னை இப்படி ஒருவரும் மடக்கியதில்லை.

எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன். வேறு கேட்க என்ன இருக்கிறது.

“கருவாடு பொரிச்ச அண்டைக்கு. நீங்கள் பாங்குக்குப் போக வெளிக்கிட்டு நிக்கிறியள். வேற நாளெண்டால், யன்னலைத் திற, சேட்டெல்லாம் மணக்கப் போகுதெண்டு வீட்டையே ரெண்டாக்கியிருப்பியள். அண்டைக்குச் சட்டிக்குப் பக்கத்திலை நிண்டு சப்பாத்துக் கயிறு கட்டினியள். ஒரு சொல்லில்லை.”

அது செப்டெம்பர் தொடக்கம். டொக்டரிடம் நான் போகுமுன்பே.

“அப்ப ஏன் கேக்கேல்லை?”

“நீங்கள் ஏன் சொல்லேல்லை?”

பால், விறகு, வேர்வை, கறுவா, ரம்பை எல்லாம் ஒன்றாக என் தலைக்குள் வந்து நின்றன. ஒரு மாதமாக அவள் எனக்குப் பதிலாக மணந்து, ஒவ்வொன்றையும் வாயால் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறாள். நான் றேடியோ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

“மூக்கு இல்லையெண்டால் ஆரும் உங்களை விட்டிட்டு ஓடப் போகினமே?” என்றாள்.

நான் படியில் உட்கார்ந்தேன். அவள் பக்கத்தில் வந்து இருந்து, மா ஒட்டிய கையாலேயே என் முதுகைத் தட்டினாள். பிறகு, “எழும்புங்கோ, மா ஊறோணும்” என்றாள்.

மத்தியானம் வெயில் இருந்தது, காற்றுக் குளிர். பின்வளவு முழுக்கச் சனம். மேப்பிள் இலை கூட்டக் கூட்ட விழுந்தது, கடைசியில் விட்டுவிட்டோம். பெரிய பானையைக் காஸ் அடுப்பில் ஏற்றினோம். அரிசி, பலாக்கொட்டை, பயிற்றங்காய், மரவள்ளி, மீன் தலை, நண்டு, இறால் எல்லாம் இறங்கின. நவராத்திரி முழுக்க மரக்கறி தின்ற சனம் பானையை விட்டு அசையவில்லை. அந்தப் பக்கம் பாபிகியூவில் யூட் நிற்கிறான். கீறி மசாலா பூசிய மீன், கணவாய், சோளப் பொத்தி. புகை போன பக்கமெல்லாம் ஆட்கள் மூக்கைத் திருப்பினார்கள். நானும் திருப்பினேன், பழக்கம்.

யூட் என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினான். “அண்டைக்கு மீனைத் திருப்பினது நான்தான் அண்ணை. நாத்தம் தாங்கேல்லை. சறோ அக்காதான் உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டவ. ஏசாதையுங்கோ.” ஏசுவதற்கு எனக்கு என்ன உரிமை இருந்தது? மூளை போகவில்லை என்று தெரிந்ததே பெரிய நிம்மதி. ஒரு கணவாயை வாயில் போட்டுக்கொண்டு நகர்ந்தேன். ரப்பர், ஆனால் நல்ல உறைப்பு.

நித்தி வந்தார். வெறும் வயிற்றோடுதான் வந்தாராம். பானைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருத்தினோம். கரைத்த மாவை விட்டுத் துழாவி, புளி விட்டு, முருங்கையிலை போட்டாயிற்று. இனி ஒரு வேலைதான் மிச்சம். அகப்பையில் எடுத்து, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, நக்கிப் பார்த்து, “காணும்”, இனிப் போதும் என்று நான் சொல்ல வேண்டும். சொன்னால்தான் இறக்குவது. வருடா வருடம் அப்படித்தான்.

எல்லோரும் பார்க்கிறார்கள். நித்தி பார்க்கிறார். உள்ளங்கையில் விட்டேன், நக்கினேன். உப்பு இருந்தது. புளி இருந்தது. உறைப்பு இருந்தது. அந்த மூன்றையும் வைத்துக்கொண்டு நான் “காணும்” என்று சொல்லியிருக்கலாம், நித்திக்குத் தெரிந்திராது. சறோ கோப்பைகளை அடுக்கிக்கொண்டு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றுதான் பார்க்கவில்லை.

எனக்கு அலுத்துப்போயிருந்தது. அதுதான் உண்மை. ஒவ்வொரு நாளும் கண்ணை மூடி மூச்சை இழுத்து நடித்து நடித்து, களைத்துப்போயிருந்தேன்.

“சறோ, இஞ்சை வா. நீ பார்” என்று அகப்பையை நீட்டினேன்.

அவள் வந்தாள், கையில் விட்டாள், மணந்தாள், நக்கினாள். “மாப் பச்சை இன்னும் போகேல்லை. கொஞ்சம் கொதிக்கட்டும்” என்றாள். நான் காணும் என்று சொல்லியிருந்தால், பச்சைக் கூழைத்தான் நித்தி குடித்திருப்பார்.

“என்ன லிங்கம், பதவியை விட்டிட்டியளே?” என்று நித்தி சிரித்தார்.

“மூக்குப் போச்சு நித்தி. காய்ச்சலோடை போனது. வருமோ தெரியாது. இவ்வளவு நாளும் இவதான் பாத்திருக்கிறா, அது எனக்கே இண்டைக்குத்தான் தெரியும்.”

நித்தி கதிரையில் சாய்ந்து என்னையும் சறோவையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நான் உங்கட மூக்கை வாங்க வரேல்லை. கூழைத் தாங்கோ முதல்” என்றார்.

கொதித்து, சறோ காணும் என்றதும் இறக்கினோம். பனையோலைப் பிளாவுக்கு இங்கே எங்கே போக, கடதாசிக் கோப்பைதான். தேங்காய்ச் சொட்டைக் கடித்துக்கொண்டு நித்தி ஒன்று குடித்தார், இரண்டு குடித்தார். மூன்றாவதை நண்டுக் காலோடு கேட்டு வாங்கினார். பிறகு வாயைத் துடைத்துவிட்டு விலையைத் தொடங்கினார். மூக்கு இல்லாத முதலாளி, மணக்க ஆள் தேடும் கடை, இதற்கெல்லாம் விலையில் கழிவு வேண்டுமாம். எனக்கு வந்ததே ஒரு கோபம். மணக்க வீட்டிலேயே ஆள் இருக்கிறது, அதுவும் என்னைவிடத் திறம், அதனால் விலை கூட வேண்டும் என்று நான் ஏறினேன். அவர் இறங்கினார். நான் ஏறினேன். சுட்ட மீன் ஆறிப்போயிற்று, யூட் திரும்ப வாட்டித் தந்தான், நாங்கள் விடவில்லை. கடைசியில் இரண்டு பேருக்கும் அரை மனம், அதுதான் நல்ல விலை.

அவர் எனக்காக ஒரு சதமும் இரக்கப்படவில்லை. அவ்வளவு சந்தோசமாக நான் பேரம் பேசி வருடக்கணக்காகிறது.

போகும்போது சறோவிடம் மட்டும் சொன்னாராம்: “அக்கா, பக்கெற் மா ஒவ்வொரு மூட்டையும் நீங்கள் மணந்தால்தான் எடுப்பன்.” இன்று காலை சறோ என்னிடம் சம்பளம் கேட்கிறாள். பஸ் ஓட்டியதற்குத் தந்த சம்பளத்தை விடக் கூட.

ஒக்டோபர் 16, புதன்

எலுமிச்சை இல்லை. கராம்பு இல்லை. றோசா இல்லை. தைலம் இல்லை. இன்று சறோவும் பக்கத்தில் இருந்து மணந்தாள். றோசா பழசாம், மாற்ற வேண்டுமாம்.

ஒக்டோபர் 20, ஞாயிறு

காலையில் குசினிக்குள் வந்தேன். ஏதோ நாறியது.

நின்ற இடத்திலேயே நின்றேன். திரும்ப இழுத்தேன். நாறியது. எரிந்த பஸ் ரயர் போல, தார் போல. “சறோ, என்னமோ எரியுது” என்று கூப்பிட்டேன். அவள் ஓடி வந்தாள். அடுப்பைப் பார்த்தாள், காஸ் பெட்டியைப் பார்த்தாள், மூக்கை நாலு பக்கமும் திருப்பினாள். ஒன்றும் எரியவில்லையாம். மேசையில் தான் இப்போது ஊற்றி வைத்த கோப்பி மட்டும்தானாம்.

கோப்பையைக் கிட்டக் கொண்டுவந்தாள். ரயர் கோப்பைக்குள்தான் இருந்தது.

நாளை டொக்டருக்குப் போன் எடுத்துக் கேட்க வேண்டும். சறோ இன்றே மொன்றியல் தங்கச்சிக்கு எடுத்துவிட்டாள். அவள் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள். திரும்பி வரும்போது சிலருக்கு இப்படித்தான் கோணலாக வருமாம், பயப்பட வேண்டாமாம், இது வருகிறதற்கு அடையாளமாம். சறோ போனைக் கையால் பொத்திக்கொண்டு அதை எனக்குச் சொல்லும்போதே அழுதுவிட்டாள். அப்போது நான் கோப்பிக்குள் மூக்கை விட்டபடி இருந்தேன்.

அருவருப்பென்றால் அப்படி ஒரு அருவருப்பு. கடைசிச் சொட்டு வரை குடித்து முடித்தேன். இன்னொரு கோப்பை ஊற்றச் சொன்னேன்.